காதில் தொங்கிய கடலை வடை

இன்று டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்கள் தேவாலய ஒன்றுகூடல். வழக்கம்போல் கடலை வடை சுட்டுக்கொண்டு போனேன். எல்லோரும் வழக்கம்போல் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள் என்ற நினைப்பு.

கூட்டமோ எங்கள் தேவாலயத்துச் சுகந்தியின் காதைச் சூழ்ந்து நின்றது.

பொலிமர் களிமண்ணில் அவளே செய்த தோடு. ஒவ்வொரு காதிலும் சுண்டுவிரல் நகமளவில் ஒரு கடலை வடை! பல் தூரிகையால் குத்திக் குத்தி மொறுமொறுப்பு, மஞ்சள் சோக்குக்கட்டித் தூள் பூசிப் பொன்னிறம், நடுவில் செத்தல் மிளகாய்த் துண்டு வேறு.

என் கணவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "முறுகல் எண்டால் இதுதான்!" என்றார். வாய்க்குள் இருந்தது என் வடை.

எனக்கு வயிறு எரிந்தது. சிரித்துக்கொண்டே, "எதையடி பாத்துச் செய்தனீ?" என்று கேட்டேன்.

"உங்கட வடையைத்தான் அக்கா! போனமுறை தந்ததில ஒண்டை மேசையில வச்சுப் பாத்துப் பாத்துச் செய்தனான்."

அந்த இடத்திலேயே அவளை மன்னித்துவிட்டேன்.

"ஒரு மாசமாச்சு அக்கா, இன்னும் அப்பிடியே கல்லு மாதிரி இருக்கு."

என் வடையைச் சாப்பிட்டவர்கள் இந்தப் பதிவின் கீழே நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள். பல் உடைந்தவர்கள் உள்பெட்டிக்கு வரவும்.