முட்டுச்சந்து மாதா

தாராவியில் வீடுகள் மேலே வளரவில்லை, சந்துக்குள் வளர்ந்தன. முதலில் வாசலில் ஒரு கல்லைப் போடுவார்கள். மழைக்கு என்று அதன் மேல் தகரம் வரும். தகரத்துக்குத் துணையாகச் சுவர் வந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் மட்டும் இளிச்சவாயரா என்ன, அவரும் கல்லைப் போடுவார். ஆளுக்கு ஒரு முழமாகத் தின்று தின்று, கைவண்டி போன சந்து, ஆள் ஒருக்களித்துப் போகும் இடுக்கானது. மிச்சத்தை முழுங்கியவர் என் அப்பா.

எங்கள் வீடு சந்தின் கடைசியில், ரயில் பாலத்துக்குப் போகும் வாயை ஒட்டி இருந்தது. பாலம் தாண்டினால் மாட்டுங்கா. அங்கேதான் அக்காவின் தமிழ்ப் பள்ளிக்கூடம். பிழைப்புத் தேடித் திருநெல்வேலியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தவண்ணம் இருந்தார்கள், படுக்க இடமில்லை. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, சந்தின் வாயை அடைத்து ஓர் அறை எழுப்பினார். அன்றைக்கு முன்சிபாலிட்டிக்கு லீவு. சந்தைப் பார்த்த சுவரில் ஒரு மாடம் வைத்து மாதா சொரூபத்தை நிறுத்தினார். சாமி இருக்கும் சுவரில் எவனும் கடப்பாரை வைக்கமாட்டான் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். சண்டைக்கு வந்த அண்டை வீட்டார்கூட மாதாவைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டு, சுற்றுவழியில் போகப் பழகினார்கள்.

அந்தச் சுற்றுவழி, சேற்றுநிலத்தை ஒட்டிக் கள்ளச்சாராயம் காய்ச்சும் குடிசைகளுக்கு நடுவே போனது. பகலிலேயே ஆட்கள் விழுந்து கிடப்பார்கள். கொஞ்ச நாள் அக்கா அப்படித்தான் போய்வந்தாள். பிறகு அப்பா, "வயசுக்கு வந்த புள்ள அந்த வழியா போவ வேண்டாம்" என்றார்.

"நல்ல வழிய அடச்சது யாருப்பா?" என்று அக்கா கேட்டாள்.

அம்மா அவள் வாயைப் பொத்தினாள். பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது. கண்ணைக் குத்திவிட்டு, குருடிக்குத் தெருவில் என்ன வேலை என்று கேட்ட கதைதான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கு எரியவில்லை. அக்கா இனி நாள் முழுக்க வீட்டில் இருப்பாள், விளையாடலாம் என்று சந்தோஷமாக இருந்தது.

அக்கா தினமும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி முழங்காலிட ஆரம்பித்தாள். படிப்பு போனதும் பக்தி வந்துவிட்டது என்று அம்மா எல்லோரிடமும் பெருமையடித்தாள். என்ன வேண்டுகிறாய் என்று நான் கேட்டதற்கு, வெளியே சொன்னால் பலிக்காது என்றாள்.

ஒரு நாள் முன்சிபாலிட்டிக்காரர்கள் கடப்பாரையோடு வந்தேவிட்டார்கள். அப்பாவுக்கு முகம் வெளிறிப்போனது. அக்கா அசையவில்லை, கண்ணை மூடி முழங்காலில் இருந்தாள். ஆட்களை மேய்க்கும் மேஸ்திரியான முகாதம் மாதாவைப் பார்த்தார், எரியும் மெழுகுவத்தியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சாமி கும்பிடுகிற பெண்ணைத் தள்ளிவிட்டு எப்படி இடிப்பது என்று இந்தியில் முணுமுணுத்து, ஆட்களைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"எம்பொண்ணு செபம் சொல்லியே வீட்டக் காப்பாத்திட்டா" என்று அப்பா அவள் தலையைத் தடவினார். அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். அந்தச் சுவரை இடிக்க வைக்கச் சொல்லித்தான் இத்தனை நாளும் அந்த மாதாவிடமே மன்றாடியிருக்கிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆனந்தக் கண்ணீர் என்றே எடுத்துக்கொண்டேன்.

"கேட்டது கெடச்சிட்டுல்லாக்கா?" என்றேன்.

அவள் மெழுகுவத்தியை விரலால் நசுக்கி அணைத்தாள். மெழுகை மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.