அஷ்பாக் கொடுத்த வாக்குமூலம்

அலவத்துகொடையில் பிரதான வீதியை விட்டுக் கீழே இறங்கும் ஓர் ஒழுங்கையில் அஷ்பாக்கின் கராஜ் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. தேடி வருகிறவர்களுக்கு வழி தெரியும். கொழும்பிலிருந்துகூட வந்தார்கள். கோழி அடைகிற நிலையில் கிடக்கும் முப்பது நாற்பது வருடத்துப் பழைய மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். நாலைந்து மாதம் கழித்து, தெருவில் போகிற எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒன்றை ஓட்டிக்கொண்டு போவார்கள். முன்சக்கரம் நீண்டிருக்கும், பின்பக்கம் தாழ்ந்திருக்கும், பெற்றோல் டாங்கி கையால் தட்டி வடிவெடுத்ததாக இருக்கும். புது வண்டி இறக்குமதி நின்றுபோன அந்த வருடங்களில் பழைய வண்டிக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. நான் அக்குறணையில் பள்ளிக்கூட ஆசிரியன். என்னுடைய வண்டியையும் அவர்தான் கட்டினார்.

அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. கட்டாரில் எட்டு வருடம் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் செய்தவர். அங்கே ஒவ்வொரு வெல்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்களாம். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அறுத்தெறிந்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார்களாம். அதைப் பெருமையாகச் சொல்வார். "இஞ்ச யாரும் உள்ளுக்குப் பாக்கிறல்ல. அதால நாமதான் பாத்துக்கணும்" என்பார்.

முன்சக்கரத்தை நீட்ட வேண்டுமானால் வண்டியின் சட்டமான சேசியின் கழுத்தை அறுத்துச் சாய்த்து, மறுபடி ஒட்ட வேண்டும். ஓடும்போது வண்டியின் பாரமும் ஓட்டுகிறவனின் உயிரும் அந்த ஒட்டில்தான் நிற்கின்றன. அதனால் அறுத்த குழாய்க்குள் இன்னொரு தடித்த குழாய்த் துண்டைச் செருகி, அதன் மேலேதான் வெல்ட் வைப்பார்கள். உள்குழாய் என்று சொல்வது அதைத்தான். வேலை முடிந்து பெய்ன்ட் அடித்துவிட்டால் அது உள்ளே இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

ஜீவன் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன். வயது இருபத்தெட்டு. கண்டி டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டும் வேலை. அப்பா சாராயத்தில் அழிந்துபோனவர். அம்மா பேச்சியம்மா கொழுந்தெடுத்துத்தான் அவனையும் தங்கை லோஜினியையும் வளர்த்தார். ஜீவன் கல்யாண வீட்டில்கூட கிளாசைத் தொடமாட்டான். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் வண்டி. தோட்டத்தில் ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவரின் வீட்டுப் பலாமரத்தடியில் கிடந்த ஜப்பான் இரட்டைச் சிலிண்டர் வண்டி ஒன்றைக் கெஞ்சி வாங்கி, லொறியில் ஏற்றி, அஷ்பாக்கிடம் கொண்டுவந்தான். சனிக்கிழமைகளில் வந்து தானே நின்று துரு சுரண்டினான்.

"பாஸ், ஏப்ரல் ஷோவுக்கு ரெடியாயிருமா?" என்று வந்தபோதெல்லாம் கேட்டான். புத்தாண்டை ஒட்டி கட்டுகஸ்தோட்டையில் ஒரு பழைய வாகனக் கண்காட்சி நடக்கவிருந்தது.

"ஆகும், ஆகும். நீங்க சுரண்டுங்க."

கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அஷ்பாக் கழுத்தை அறுத்தார். கையிருப்பில் இருந்த உள்குழாய் ஒரு நூல் பெருத்திருந்தது. உள்ளே போகவில்லை. கடைந்தெடுத்தால் போதும், ஆனால் லேத்காரர் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்விட்டார். வேறு லேத்கள் எதுவும் திறக்கவில்லை. அஷ்பாக் ஒரு நாள் யோசித்தார். பிறகு உள்குழாய் இல்லாமலே ஒட்டினார். கண்காட்சி முடிந்ததும் பிரித்துச் செருகிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஜீவனிடம் சொல்லவில்லை.

வண்டிக்கு முதற்பரிசு கிடைத்தது. படங்கள் ஃபேஸ்புக்கில் நாடெங்கும் ஓடின. கரும்பச்சை டாங்கியில் கை வைத்துக்கொண்டு ஜீவன் நிற்க, பக்கத்தில் அஷ்பாக் சிரிக்கும் படத்தைப் பார்க்காத ஆளில்லை. அதற்குப் பிறகு அந்தக் கழுத்தை மறுபடி அறுப்பதென்றால், ஏன் என்று ஜீவனுக்குச் சொல்ல வேண்டும். அஷ்பாக்குக்கு வாய் வரவில்லை. ஜூன் மாதம் ஒருநாள் ஃபோன் எடுத்தார்.

"வண்டிய ஒருக்கா கொண்டு வாங்க ஜீவன். சின்ன வேலையொன்னு ஈக்கி."

"ஏதும் பிரச்சினையா பாஸ்?"

"சே, அப்பிடி ஒன்னுமில்ல. சும்மா ஒருக்கா பாக்கத்தான்."

"அடுத்த வாரம் வர்றேன் பாஸ்."

அவன் வரவில்லை. கடையில் வேலை அதிகம். அஷ்பாக் இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்போதும் அதே பேச்சு, அதே பதில். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

ஓகஸ்ட் மாதம் ஒரு காலை. வேலைக்கு வரும்போது, கலஹாவிலிருந்து பேராதனைக்கு இறங்கும் பாதையில், ஒரு வளைவில் ஜீவன் மதகுக் கட்டில் மோதிக் கிடந்தான். பின்னால் வந்த பஸ்காரர்கள்தான் தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர முன்பே உயிர் போய்விட்டது. மழை பெய்து பாதை ஈரமாக இருந்தது. வேகம் காரணம் என்று பொலிஸார் எழுதினார்கள்.

சாவு வீட்டுக்கு அஷ்பாக் போனார். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் தறப்பாள் கட்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். பின்வரிசையில் இருந்த இரண்டு பேர் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

"காலங்காத்தாலயே போட்டிருப்பான் போல."

"அப்பன் புத்தி எங்க போகும்?"

இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரைகூட யாரும் காத்திருக்கவில்லை. பேச்சியம்மாவின் காதுக்கும் அது போயிருக்கிறது. அவர் அழவில்லை. பெட்டியின் மேல் குனிந்து மகனின் வாயருகே முகர்ந்து பார்த்ததை அஷ்பாக் கண்டார்.

நாலாம் நாள் அவர் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். வண்டியைக் கட்டினவன் நான், ஒருதரம் பார்க்கலாமா என்று கேட்டார். முற்றத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே கிடந்தது. முன்சக்கரம் தனியாக, உடல் தனியாக. மோதியதில் உடைந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அஷ்பாக் குந்தியிருந்து கழுத்தைப் பார்த்தார். முறிந்த இடத்தில் பாதி பளபளவென்றிருந்தது. மீதிப் பாதி கபிலமாகத் துருவேறியிருந்தது. அந்தப் பாதி அன்று உடைந்ததில்லை. வாரக்கணக்காக வெடித்து, மழைத்தண்ணீர் குடித்து, மெதுவாகத் திறந்துகொண்டு வந்திருக்கிறது. குழாயின் உள்விளிம்பில் அவருடைய கிரைண்டர் வைத்த கோடுகள் உருகாமல் அப்படியே இருந்தன. வெல்ட் உள்ளே இறங்கவேயில்லை.

"பாத்தாச்சா நானா?" என்று சார்ஜன்ட் அண்ணன் முறை வைத்துக் கேட்டார். அவரும் தமிழ் பேசுகிறவர்.

"பாத்தாச்சு" என்றார். மற்றது எதுவும் சொல்லாமல் வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி ருஷ்தாவிடம் மட்டும் சொன்னார்.

"யாரும் ஒங்களக் கேக்கல்லயே" என்றார் ருஷ்தா. "வேகம்னு எழுதிட்டாங்க. முடிஞ்சிட்டு. நமக்கு ரெண்டு பொம்புளப் புள்ளகள் ஈக்கி. நீங்களாப் போய் ஏன் கழுத்த நீட்டணும்?"

"அவன் குடிச்சிட்டு ஓட்டினான்னு சொல்றாங்க ருஷ்தா."

"சொல்லட்டுமே. சொன்னா அவன் திரும்பி வரப்போறானா? நீங்க சொன்னாத்தான் வரப்போறானா?"

அஷ்பாக் ஒரு கிழமை கராஜைத் திறக்கவில்லை. எட்டாம் நாள் பஸ் ஏறிக் கலஹாவுக்குப் போனார்.

பேச்சியம்மா மலையிலிருந்து வரும்வரை லயத்து வாசலில் நின்றார். லோஜினி கதிரை எடுத்துப் போட்டாள், அவர் இருக்கவில்லை. பேச்சியம்மா வந்ததும் நின்றபடியே சொன்னார். உள்குழாய், வெல்ட், துரு எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன சொல்றாரு?" என்று மகளைப் பார்த்தார்.

லோஜினிக்கு விளங்கிவிட்டது. "வண்டிதாம்மா ஒடஞ்சிருக்கு. அண்ணன் மேல தப்பில்லயாம்."

"அப்ப எம்புள்ள குடிக்கலயா?"

"இல்லம்மா. குடிக்கவுமில்ல, வேகமாப் போகவுமில்ல. பிழ நான் செஞ்சது" என்றார் அஷ்பாக்.

பேச்சியம்மா தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். அப்போதுதான் அழுதார். லோஜினி அழவில்லை.

"நீங்க ஃபோன் பண்ணப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன் நானா. ரெண்டு தடவயும். பிரச்சினையான்னு அண்ணன் கேட்டுச்சு. இல்லன்னு சொன்னீங்க. அந்த எடத்துல ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னைக்கே வண்டியத் தள்ளிக்கிட்டாவது வந்திருக்கும்."

"ஓம், தங்கச்சி" என்று ஒத்துக்கொண்டார் அஷ்பாக்.

பேச்சியம்மா துண்டை எடுத்தார். "எங்கிட்ட சொன்னத எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களா? எழுதுறவங்ககிட்ட?"

"சொல்றேன்."

"அப்ப போங்க. சொல்லிட்டு இனிமே இங்க வராதீங்க."

திடீர் மரண விசாரணை முடிவதற்குள் அஷ்பாக் வாக்குமூலம் கொடுத்தார். வக்கீல் ஒருவர், தாமாக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. உள்குழாய் இல்லை, நேரம் போதவில்லை, தெரிந்துகொண்டே செய்தேன், தெரிந்துகொண்டே மறைத்தேன் என்று நாலு வரி. இரண்டு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. மதுவின் அடையாளமே இல்லை.

கவனயீனத்தால் மரணம் விளைவித்ததாக வழக்கு வந்தது. ஆனால் வழக்குக்கு முன்பே தொழில்காரர்கள் அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் பொலிஸார் கண்டி வீதிகளில் மாற்றிக் கட்டிய வண்டிகளை எல்லாம் நிறுத்திச் சோதிக்கத் தொடங்கினார்கள். பல வண்டிகள் பறிபோயின. கூட நின்று படமெடுத்தவர்கள் படங்களை அழித்தார்கள். பழைய கூட்டாளி ஒருவர் ஃபோனில் சொன்னாராம்: "நீ உண்மையச் சொல்லி சொர்க்கத்துக்குப் போ. எங்கட சோத்துல ஏன் மண்ணப் போட்டாய்?"

கராஜ் பூட்டிய பிறகு அஷ்பாக் ஒரு பட்டியல் எழுதினார். ஜீவனுடையதைத் தவிர, அவர் கழுத்து அறுத்துக் கட்டியவை மொத்தம் பதினான்கு வண்டிகள். ஒவ்வொன்றையும் தேடிப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கும் வந்தார். கையில் ஒரு டிரில்லும் வளைந்த கம்பியும். எனக்கு அதுவரை அவர் மேல் கோபம்தான். அவர் கட்டிய வண்டியில் என் மகளைப் பின்னால் வைத்து எத்தனை தரம் மாத்தளைக்குப் போய் வந்திருக்கிறேன். வாசலிலேயே நிறுத்தி, "இப்ப என்னத்துக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"உள்ளுக்கு ஈக்கா இல்லையான்னு பாக்க, சேர். எனக்கே நிச்சயமில்ல" என்றார்.

அதைக் கேட்டதும் வழிவிட்டு, வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அவர் கழுத்தில் சின்னதாக ஓட்டை போட்டுக் கம்பியை விட்டுப் பார்த்தார். மூன்று இடத்தில் அது உள்குழாயில் முட்டியது. "ஈக்கி" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தேநீர் கொடுத்தேன். மேலே சொன்னவற்றில் பாதி அன்றைக்கு அவர் வாயால் கேட்டதுதான்.

பதினான்கில் பன்னிரண்டு சரியாக இருந்தன. மாத்தளைக்காரர் ஒருவருடைய வண்டியில் உள்குழாய் இல்லை. எப்போது விட்டோம், ஏன் விட்டோம் என்று அவருக்கு ஞாபகமே இல்லை. ஜீவனுடையதுதான் ஒரே பிழை என்று அதுவரை நம்பியிருந்தவர், இனி யாரும் ஓட்டக்கூடாதென்று அந்த வண்டியை அங்கேயே நடுவில் அறுத்துப் போட்டுவிட்டு வந்தார். பதினான்காவது வண்டி பன்விலவில் ஒருவர் வாங்கியது. அவர் அதை விற்றுவிட்டுக் கொரியாவுக்குப் போய்விட்டார். வாங்கினவர் இன்னொருவருக்கு விற்றிருந்தார். அதற்கப்பால் தடம் இல்லை.

வழக்கு இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. ஒவ்வொரு தவணைக்கும் பேச்சியம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து எதிர்ப்பக்க வாங்குப் பலகையில் இருந்தார். கடைசியில், உள்ளே போக வேண்டியிராத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் தண்டப்பணமும் தீர்ப்பானது. வெளியே வந்தபோது படிக்கட்டில் அந்த அம்மா அஷ்பாக்குக்கு முன்னால் வந்து நின்றார். அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மத்த வண்டியெல்லாம் போய்ப் பாத்தீங்களாமே. லோஜினி சொன்னுச்சு" என்றார்.

"பாத்தேன்மா."

"எல்லாம் நல்லா இருக்கா?"

அஷ்பாக் ஆம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "ஒன்னு மட்டும் கெடைக்கல்லம்மா" என்றார்.

பேச்சியம்மா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "யாரு புள்ள ஓட்டுதோ" என்றார். பிறகு, "தேடுங்க" என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

இப்போது அஷ்பாக் அக்குறணையில் ஓர் இரும்புக் கடையில் கம்பி நிறுத்துக் கொடுக்கிறார். வெல்டிங் தொப்பியைத் தொடுவதில்லை. ருஷ்தா தையல் வேலை எடுத்துச் செய்கிறார். விடுமுறை நாளில் அஷ்பாக் பழைய வண்டி விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சேசியின் சாய்வு அவருடைய கை மாதிரித் தெரிந்தால் பஸ் ஏறிவிடுவார். குருநாகலுக்குப் போனார், தம்புள்ளைக்குப் போனார். போன மாதம் சிலாபத்துக்கும் போய்வந்தார். அது வேறு யாரோ கட்டிய வண்டி. இருந்தாலும் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டு, ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாராம்.