வெளுத்துப்போகும் வளையங்கள்

"படிச்சது நீ. கண்ணு என்னுது தாயி. அதுக்கு என்ன தெரியுதுன்னு போனு சொல்லிருமா?"

அப்பா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மதியம் பெரும்பாறையிலிருந்து அவர் ஓட்டிய ஜீப்பில் முன்சீட்டில் வந்திருந்தேன். பின்னால் காப்பித் தோட்டத்துப் பெண்கள். ஒரு வளைவில் மூடுபனி. சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா விறகுக்கட்டோடு ஓரமாக நடந்துகொண்டிருந்தார். அப்பாவின் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. நான் கத்தியபிறகுதான் ஸ்டியரிங்கை ஒடித்தார்.

"திடீர்னு குறுக்க வந்துட்டா" என்றார். அந்த அம்மா குறுக்கே வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மதுரையில் கண் பரிசோதனைப் படிப்பு. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. அன்று, படித்ததுதான் பயமுறுத்தியது. வெள்ளை அட்டையில் கறுப்பைப் பார்த்துவிடுகிற கண், பனிக்குள் சாம்பலைத் தவறவிடலாம். அதற்குத் தனி அட்டை உண்டு. எழுத்துகள் ஒரே அளவில் இருக்கும், போகப்போக வெளுக்கும். அது கல்லூரியில் இருந்தது. என்னிடம் இருந்தது விடுதித் தோழி இரவல் தந்த டச் போன். எங்கள் மலைக்கு அது அப்போது புதுசு. அதே சோதனைக்கு அதில் ஒரு செயலி இருந்தது. எழுத்துக்குப் பதில் ஒரு பக்கம் திறந்த வளையம். திறப்பு எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினால் போதும்.

கதவைச் சாத்தி, திரையைத் துடைத்து, வெளிச்சத்தை முழுதாக வைத்தேன். முதலில் அம்மா. எனக்கே மங்கும்வரை சரியாகக் காட்டினாள்.

அப்பாவும் கறுப்பு வளையங்களில் தப்பு செய்யவில்லை. வெளுக்கத் தொடங்கிய பிறகும் கை நிற்கவில்லை. மேலே, வலது, கீழே, வலது, இடது. எல்லாம் தப்பு. கொஞ்சமும் தயங்காத தப்பு.

"தெரியுதாப்பா?"

"தெரியாமயா காட்டுறேன்?"

மறுபடி வைத்தேன். போன் வரிசையை மாற்றியது. அப்பாவின் கை மாற்றவில்லை. அதே மேலே, வலது, கீழே, வலது, இடது.

அம்மா சிரித்துவிட்டாள். "அது டிரைவருக கண் முகாமுல, எழுத்து தெரியாதவுகளுக்குப் பக்கம் காட்டச் சொல்லுற அட்டையோட வரிசையாச்சே. உள்ள போயிட்டு வந்த ஆளு வரிசைல நிக்கிறவுகளுக்குச் சொல்லிக் குடுப்பாரு. இவரு வீட்லயே ஒருக்கா சொல்லிப் பாத்துட்டுத்தான் போவாரு."

அப்பா சுவரைப் பார்த்தார். "ரோடுங்கூட எனக்கு மனப்பாடந்தான். இன்னைக்கு வரைக்கும் ஏதாச்சும் ஆயிருக்கா?"

வளைவுகள் மனப்பாடமாக இருக்கலாம். விறகோடு நடந்து வருகிற ஆள் எப்படி இருக்க முடியும்?

இன்னொரு பயமும் இருந்தது. வெளிறிய நிறத்தை ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு மாதிரி காட்டும். போனை நம்பி, அவர் பிழைப்பை நானே கெடுத்துவிடுவேனோ? சீரான வெளிச்சத்தில் மாட்டிய அட்டைதான் முடிவு சொல்ல வேண்டும்.

"மதுரைக்கு வந்து அட்டையில பாத்துருங்கப்பா. அதுவரைக்கும் ஓட்ட வேண்டாம்."

"நாளைக்கு வெள்ளனே ஆள் ஏத்தணும். சோலி முடியட்டும், பொறவு பாப்பம்" என்று குளிக்கப் போனார்.

ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு ஜீப்பின் முதலாளி வீட்டுக்கு நடந்தேன். அப்பா கண்ணில் சந்தேகம் இருக்கிறது, நாளைக்கு வேறு டிரைவரைப் போடுங்கள் என்று சொல்லி, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.