வலப்பக்கம் காலியாக இருந்த வரி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தப்பு எப்போதும் அடுத்தவர் மேல்தான் என்ற அசையாத நம்பிக்கையும் உண்டு. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக் தராசு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் புரோகிராமர். தராசுக்கு மூளையே நான்தான் என்று பீற்றிக்கொள்வேன்.

அந்த வாரம் தேங்காய்த்திட்டு மீன் ஏலக்காரர்களுக்காகச் செய்த தராசுகள் கூத்தடித்தன. இரண்டு கிலோ படிக்கல்லை வைத்தால் ஒரு முறை ஒன்றரை காட்டும், மறுமுறை இரண்டேகால். போர்டில் பாகங்களை ஒட்டவைக்கும் சாலிடர் சரியில்லை என்று எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் ஒரே போடாகப் போட்டேன். சாலிடர் வைப்பவர் ரெட்டியார்பாளையத்திலிருந்து வரும் ஓர் அக்கா. பதினோரு வருஷமாக அதே மேஜை. பாவம், மூன்று நாள் உட்கார்ந்து எல்லா போர்டிலும் சாலிடரை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். தராசு அடங்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவர் பேக்கிங்குக்குப் போகட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மதியம், என் பக்கம்தான் சரி என்று நிரூபிக்க எடிட்டரில் இரண்டாவது ஜன்னலைத் திறந்தேன். இடப்பக்கம் நான் எழுதிய புரோகிராம். வலப்பக்கம், கம்பைலர் அதை மாற்றி சிப்புக்குக் கொடுக்கும் அசெம்பிளிக் கட்டளைகள், வரிக்கு வரி நேராக. தட்டு ஆடி அடங்கும்வரை சிப் காத்திருக்க வேண்டும். அதற்காக, சும்மா ஐம்பதாயிரம் வரை எண்ணு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு நேரே வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. வேகம் கூடட்டும் என்று போன வாரம் நான்தான் கம்பைலரில் ஓர் அமைப்பை மாற்றியிருந்தேன். எண்ணி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று கம்பைலர் அந்த வரியையே தூக்கிப் போட்டுவிட்டது. தட்டு ஆடும்போதே சிப் எடையைப் படித்திருக்கிறது!

சிரிப்பு வந்தது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. காத்திருக்கும் வேலையை டைமரிடம் கொடுத்தேன். படிக்கல்லை வைத்தேன். இரண்டு கிலோ, பத்து முறையும். அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி விளக்கினேன்.

"இத இன்னிக்குத்தான் தொறந்து பாத்தியா தம்பி?" என்று கேட்டார்.

நேராக முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது, அக்கா அவர் மேஜையிலேயே இருக்கட்டும் என்றேன். முதலாளி தலையாட்டினார். பேக்கிங் பேச்சு அத்தோடு முடிந்தது. நிம்மதியாகத் திரும்பினால் அக்கா பின்னாலேயே நின்றிருந்தார்.

"அன்னிக்கு கடைசி மேஜ வரைக்கும் கேட்டுச்சு தம்பி. இன்னிக்கு எனக்கே கேக்கல."

உரக்க இன்னொரு முறை சொன்னேன்.