போறணைப் புகை ஏறிய தேத்தூள்

கந்தப்பளை டவுனில் என் தேத்தூள் கடைக்கும் பக்கத்து டைல் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். மேலே ரெண்டுக்கும் ஒரே தகரம். அந்த டைல்காரனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எழுதலாமென்று உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளை டைலில் சாமிப் படம், ரோசாப்பூ, வீட்டுப் பெயர் என்று மையால் அச்சுப் போட்டு, போறணை என்கிற கரண்ட் சூளையில் சுட்டு விற்கிறவன் அவன். நான் தோட்டத்துப் பெக்டரிகளில் தேயிலைத் தூள் வாங்கிக் கலந்து, பாக்கெட் கட்டி, ரோட்டோரத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். தூள் இருக்கிற அறையில் நாங்கள் சோப்புக்கட்டி கூட வைக்க மாட்டோம். ஊதுபத்தி வாசலோடு நின்றுவிடும். வாசனை எண்ணெய் தேய்த்த தலையோடு யாரையும் உள்ளே விட மாட்டோம். காய்ந்த இலை அப்படி. பக்கத்தில் எது மணத்தாலும் இழுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் நுவரெலியா ரோட்டுக் கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அக்கா, லாம்பு அணைச்ச வாசம் வருது ஒங்க தூள்ல." அதற்குப் பிறகு இன்னும் ரெண்டு கடை. ஒருவர், குடித்தவர்கள் இது தேத்தண்ணியா கசாயமா என்று கேட்பதாகச் சொல்லிவிட்டு, வேறு ஆளிடம் வாங்கப் போய்விட்டார். நானே ஊற்றிக் குடித்தேன். விழுங்கின பிறகு தொண்டையில் கருகின எண்ணெய் வாடை. அதே நேரம் பக்கத்தில் போறணை சூடேறிக்கொண்டிருந்தது, என் கண் எரிந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

போய்க் கேட்டேன். மைப் போத்தலைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். சமையல் எண்ணெய் மாதிரி லேசாக ஒரு வாடை, அவ்வளவுதான். கடையில் ஆட்கள் நிற்கும்போதே சொன்னான்: "பழைய தூள வித்துட்டு என் போறணை மேல பழி போடாதீங்க, அக்கா."

"முருகனுக்குக் கண்ணு வைக்கிறியே தம்பி, மொதல்ல ஒன் மூக்கத் தொற" என்று சொல்லிவிட்டு வந்தேன். எதிரே மரக்கறி விற்கிறவள், அவன் சாமியைச் சுடுகிறான், நீ தண்ணியைச் சுடுகிறாய், அடுப்புக்கு அடுப்பு என்னடி பொறாமை என்றாள். கோபத்திலும் அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

நான் படித்தவள் இல்லை. போனில் தேடித் தேடி வாசித்தேன். அந்த மையில் நிறம் என்பது உலோகமும் கல்லும் அரைத்த பொடி. அது சூட்டில் டைலோடு உருகி ஒட்டிக்கொள்கிறது. பொடியைக் கரைத்து வைத்திருக்கிற எண்ணெய்தான் வில்லங்கம். போத்தலில் இருக்கும்போது சாது. சூடேறும்போது உடைந்து ஆவியாகக் கிளம்புகிறது. காற்று தாராளமாக இருந்தால் எரிந்து தீரும். இல்லையென்றால் அரைகுறையாக எரிந்து, கண்ணைக் கரிக்கிற புகையாக வெளியே வரும்.

கட்டடம் ஒரு முஸ்லிம் நானாவுக்குச் சொந்தம், முன்பக்கம் புடவைக்கடை வைத்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டு ஏணி வைத்து மேலே பார்க்கச் சொன்னேன். போறணையின் புகைக்குழாய் தகரத்தைத் தாண்டவே இல்லை. கூரைக்குள்ளேயே, என் மூட்டைகளுக்கு மேலே, வாயைத் திறந்துகொண்டிருந்தது. தகரத்தின் அடியில் பிசுபிசுவென்று மண்ணிறத் துளிகள். குழாயை வெளியே விட்டால் மழைத்தண்ணியும் மூடுபனிக் காற்றும் இறங்கி டைல் வெடிக்கிறதாம். அதனால் உள்ளே திருப்பிவிட்டு, போறணையின் காற்றுத் துளையையும் களிமண் வைத்து அடைத்திருக்கிறான். எங்கள் குளிரில் வீட்டு ஜன்னலை அடைக்கிற அதே புத்தி.

அந்தத் துளிகள் பழைய தகரத்துப் பனித்தண்ணி என்று சாதித்தான். நானா ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நிரூபிக்க முடியாவிட்டால் யாராவது ஒருவர் இடம் மாற வேண்டியதுதான் என்றார். யார் மாறுவது என்பது தெரிந்த கதைதான். கனமான போறணையை யாரும் தூக்கப் போவதில்லை. மூட்டையைத்தான் தூக்கலாம்.

வீட்டில் பிரிக்காமல் இருந்த மூட்டையிலிருந்து தூள் எடுத்து, பாதியை ஒரு தட்டில் பரப்பி, அவன் சுடுகிற நாளில் அவன் அறையிலேயே வைத்தேன். சிரித்துக்கொண்டே இடம் காட்டினான். மறுநாள் காலை நானா முன்னால், அவன் பெஞ்சாதியும் இருக்க, பாலும் சீனியும் இல்லாமல் ரெண்டு கோப்பை ஊற்றினேன். வீட்டுத் தூள் முதல் கோப்பை, தட்டுத் தூள் ரெண்டாவது.

அவன் ரெண்டையும் நிதானமாகக் குடித்தான். "ரெண்டும் ஒண்ணுதான்."

நானா ரெண்டாவதில் ஒரு மிடறு குடித்து, இருமிக் கீழே வைத்தார். நீங்களும் அக்கா பக்கம் சேர்ந்துவிட்டீர்களா என்று அவரிடமே பாய்ந்தான். எனக்கு அந்தக் கோப்பையை அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

அவன் பெஞ்சாதி அந்த ரெண்டாவது கோப்பையை எடுத்தாள். குடிக்கவில்லை, மோந்து மட்டும் பார்த்தாள். "இந்தாங்க, ஒங்க சட்டைய ஊற வைக்கிறப்ப வாளியில வர்ற வாசம் இதுதானே."

அவன் கோப்பையை வாங்கி மோந்தான். திரும்பவும் மோந்தான். பிறகு தன் சட்டைக் கையை மூக்கில் வைத்து அழுத்தினான். முகம் மாறியது. "எனக்கு ஒண்ணுமே வரலையே, அக்கா" என்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவன் பொய் சொல்லவில்லை. அந்தப் புகையிலேயே நின்று மூக்கு செத்துப் போயிருக்கிறது. பாவம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. "ஒனக்கு வரலங்கிறதுக்காக என் கட காலியாகணுமா?" என்றேன்.

நானா ஆள் வைத்து, குழாயைத் தகரத்துக்கு மேலே ஏற்றி, மழை இறங்காமல் அதன் வாய்க்கு ஒரு தகரத் தொப்பி போட்டார். களிமண்ணைச் சுரண்டித் துளையைத் திறக்க வைத்தார். முதல் சூட்டிலேயே அவனுக்குக் கொஞ்சம் டைல் வெடித்தது. வெடித்த துண்டுகளை என் வாசலைப் பார்க்கிற மாதிரி அடுக்கி வைத்தான். கெட்டுப்போன மூட்டைகளை நான் வீட்டு லீக்ஸ் மரக்கறிப் பாத்திக்கு உரத்தோடு கொட்டினேன். வேறு ஆளிடம் போன கடைக்காரர் இன்னும் திரும்பி வரவில்லை. அவனோடு எனக்கு இன்றுவரை பேச்சில்லை.

பெஞ்சாதிதான் வந்து தூள் வாங்கிப் போவாள். போன கிழமை, தேத்தண்ணி எப்படி இருக்கிறதென்று அவனைக் கேட்டாளாம்.

"சூடா இருக்குன்னு மட்டும் சொல்றாரு, அக்கா."

நான் பாக்கெட்டைக் கட்டிக் கொடுத்தேன்.