பெர்டல் என்ற சமையல்காரன்

இங்கிலாந்தில் எங்கள் ஊரான ஹக்னலின் கடைத்தெருவில் நெவில் ஆல்சாப்பை யாருக்கும் தெரியாது. ஆனால் உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு நாட்டின் ஆயிரத்து இருநூறு வருட வரலாற்றில் சந்தேகம் வந்தால், பிரேசிலிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் அவரைத்தான் கேட்கிறார்கள்.

ஐம்பத்தேழு வயது. பேருந்துக் கால அட்டவணைகளை அச்சுக்குப் போகும் முன் சரிபார்ப்பது வேலை. முப்பத்தோரு வருடத்தில் ஒரு பிழையையும் தப்பவிட்டதில்லை. எட்டு பத்து வண்டி எட்டரைக்கு வந்தால் அது வண்டியின் குறை. அட்டவணையில் எட்டு பத்து என்பது சரியாகத்தான் அச்சாகியிருக்கும்.

மிச்ச நேரமெல்லாம் ‘இரும்பு அந்தி’க்கு. விரல் உயரப் போர்வீரர்களை மேசைமேல் அணிவகுத்து நிறுத்தி, நாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு அது. எங்கள் பக்கத்தில் கால்பந்துக்கு அடுத்த இடம் இதற்கு. எங்கள் கால்பந்து அணி ஆடும் லட்சணத்தில் சில வருடங்கள் முதலிடமே இதற்குத்தான். விளையாட்டை விற்கும் கம்பெனி, விதிகளோடு கதையையும் அச்சிடும். எந்த அரசன் யாரைக் கொன்றான், எந்தக் கோட்டை எப்போது விழுந்தது, எந்த ராணிக்கு எந்த வருடம் பைத்தியம் பிடித்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆட்டத்தில் நெவில் எப்போதும் தோற்பார். கதையில் அவரை யாரும் வென்றதில்லை.

வியாழக்கிழமைதோறும் மெதடிஸ்ட் சபைக் கூடத்தில் எங்கள் சங்கம் கூடும். அங்கே சட்டம் ஒன்றே ஒன்று. யாராவது கதையைப் பற்றி ஏதாவது சொன்னால், எதிரில் இருப்பவர் “பக்கம்?” என்று கேட்பார். சொன்னவர் புத்தகத்தைத் திறந்து வரிமேல் விரல் வைக்க வேண்டும். முடியாவிட்டால் அன்று எல்லோருக்கும் தேநீர் போடுவது அவர் பொறுப்பு. நெவில் அந்தக் கூடத்துத் தேநீர் அண்டாவைத் தொட்டதே இல்லை.

இந்தச் சட்டத்தைத்தான் அவர் வீடியோத் தொடராக்கினார். வாரம் ஒரு பகுதி, இருபது நிமிடம். குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. படுகொலையையும் பட்டாபிஷேகத்தையும், ஏழாம் எண் பேருந்து எங்கெல்லாம் நிற்கும் என்று சொல்லும் தொனியிலேயே சொல்வார். ஒவ்வொரு வாக்கியத்துக்குக் கீழும் பக்க எண் ஓடும். மேசையில் அவர் மனைவி லினெட் வண்ணம் தீட்டிய பொம்மைகள் நிற்கும். தளபதியின் கண்ணுக்குள் வெளிச்சப் புள்ளி வைக்கத் தெரிந்தவள் லினெட். அவன் எந்தக் கட்சி என்று கேட்டால் “நீலச் சட்டைக் கட்சி” என்பாள்.

ஆண்டின் கடைசி வியாழன் வெளியாகும் பகுதிக்கு ‘பிழைகள்’ என்று பெயர். அந்த ஆண்டு தான் செய்த தவறுகளை நெவிலே வாசிப்பார். ஒரு வருடம் மூன்று, ஒரு வருடம் ஒன்று. மற்ற எந்தப் பகுதியையும்விட அதற்குத்தான் கூட்டம்.

எங்கள் ஊருக்கு ஆகாத பக்கத்து ஊர் டெர்பியைச் சேர்ந்த கரெத் ஓக்டனும் அப்போது எங்கள் சங்கத்தில் இருந்தார். பல் கட்டும் தொழில். அவரும் வீடியோ போட்டார். நெவிலைவிட நன்றாகவே கதை சொல்வார். முற்றுகையைச் சொன்னால் கேட்பவருக்குப் பசிக்கும். ஒருநாள் வடக்குச் சமவெளியில் ஓர் ஆறு ஓடுவதாகப் பெயரோடு சொல்லிவிட்டார். எந்த வரைபடத்திலும் அந்த ஆறு இல்லை. நெவில் தன் நூற்று நாற்பதாம் பகுதி முழுவதையும் அந்த ஆற்றுக்கே ஒதுக்கினார். ஏழு வரைபடங்கள், நாற்பது பக்க எண்கள், கடைசியில் இரண்டு வாக்கியங்கள்: “இந்த ஆறு இல்லை. இதை இட்டுக்கட்டியவர் சொல்லும் வேறு எதையும் நம்ப வேண்டியதில்லை.”

கரெத் தன் வீடியோக்களை எல்லாம் எடுத்துவிட்டார். வியாழக்கிழமை வருவதையும் நிறுத்திவிட்டார். டெர்பிக்காரர் போனதற்கு இங்கே யாரும் அழமாட்டார்கள். ஆனால் “பக்கம்?” என்றதும் அடிக்கடி மாட்டிக்கொண்டு தேநீர் போட்டுப் போட்டுக் கைதேர்ந்தவர் அவர். அதன் பிறகு எங்களுக்குக் குடிக்கும்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லும்போதே நெவிலுக்குத் தெரியும், தன் பதினான்காம் பகுதியில் பெர்டல் உட்கார்ந்திருக்கிறான் என்று.

சாம்பல் கோட்டை முற்றுகையின் நூறாவது நாள், உள்ளிருந்து யாரோ கதவைத் திறந்தார்கள் என்று புத்தகம் சொல்கிறது. யார் என்று சொல்லவில்லை. அந்த ‘யாரோ’, நேரம் போடாத அட்டவணைக் கட்டம்போல் நெவிலை உறுத்தியது. “பெர்டல் என்ற சமையல்காரன்” என்று பதிவில் சொல்லிவிட்டார். பெர்டல் என்பது அதற்கு முந்தின வாரம் செத்துப்போன லினெட்டின் பூனை. சாப்பாட்டுக்காக எந்தக் கதவையும் திறந்துவிடும். அந்த வாக்கியத்துக்குக் கீழே மட்டும் பக்க எண் ஓடவில்லை. யாரும் கவனிக்கவில்லை. நெவில் சொன்னால் எங்கோ ஒரு பக்கம் இருக்கத்தான் செய்யும்.

முதல் வருடப் ‘பிழைகள்’ பகுதியில் சொல்லிவிட நினைத்தார். சொல்லவில்லை. இரண்டாம் வருடம் சொல்வதானால், முதல் வருடம் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் வருடம் கரெத் விவகாரம்.

நான்காம் வருடம் கம்பெனி புதிய பதிப்பு வெளியிட்டது. அறுபத்தோராம் பக்கம், அரைப் பக்கப் படத்துடன்: பசி தாங்காமல் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட பெர்டல் என்ற சமையல்காரன், கையில் அகப்பை. நெவிலின் வாக்கியத்தை யாரோ ரசிகர்களின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றியிருந்தார்கள். கம்பெனியில் யாரோ அதைப் படித்திருந்தார்கள். பெர்டலுக்குத் தனிப் பொம்மையும் வந்தது.

அந்த வியாழன் கூடமே நெவிலைக் கொண்டாடியது. எந்த அரிய பழைய பிரதியிலிருந்து பெர்டலைத் தோண்டியெடுத்தார் என்று ஆளாளுக்கு ஊகித்தார்கள். சங்கத் தலைவர் ட்ரெவர் பிக்கர்ஸ்டாஃப், கம்பெனிக்காரர்களே இனி நெவிலிடம் பாடம் படிக்கட்டும் என்றார். நெவில் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பினார்.

வீட்டில் லினெட் பெர்டல் பொம்மைக்கு வண்ணம் தீட்டி முடித்திருந்தாள்.

“லின், அவனுக்கு ஏன் செம்பட்டை முடி?”

“பெர்டல் செம்பட்டைதான நெவில். முன்னங்கால் ரெண்டும் வெள்ளை. மறந்துட்டியா?”

உண்மையிலேயே சமையல்காரனின் இரண்டு கைகளுக்கும் வெள்ளை உறை போட்டிருந்தாள்.

“பூனை பேரு புத்தகத்துல வந்தது எனக்குச் சந்தோஷம்தான்,” என்றாள். “ஆனா கரெத் கட்டின பல்லுலதான் நான் தினம் டோஸ்ட் கடிக்கிறேன். ஒவ்வொரு கடிக்கும் வெக்கமா இருக்கு.”

நூற்று எண்பத்தேழாம் பகுதி ஒன்பது நிமிடம்தான். பூனையின் புகைப்படத்தைக் காட்டி, பெர்டல் தன் கற்பனை என்று நெவில் சொன்னார். இட்டுக்கட்டியவரை நம்ப வேண்டியதில்லை என்று இன்னொருவரைப் பற்றித் தான் சொன்னது இனி தனக்கும் பொருந்தும் என்றார். பிறகு கைபேசியை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, நாலு வருட உழைப்பு இடிந்து விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

சத்தமே வரவில்லை. அவர் கைபேசியை வெளியே எடுத்தபோது, பின்லாந்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: “பக்கம்?” இன்னும் நூறு பேர் அறுபத்தோராம் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். நெவில் நம்மைச் சோதிக்கிறார் என்றது ஒரு கூட்டம். அவருக்கு ஓய்வு தேவை என்றது இன்னொன்று. களஞ்சியத்தில் யாரோ அவருடைய ஒப்புதலைச் சேர்க்க, நாற்பது நிமிடத்தில் அது நீக்கப்பட்டது. காரணம்: ஆதாரமற்றது, ஒரு வீடியோக்காரரின் சொந்தக் கருத்து.

வியாழக்கிழமை ட்ரெவர் புதிய பதிப்பை மேசைமேல் விரித்து, வரிமேல் விரல் வைத்துக் காத்திருந்தார்.

“என்னய்யா இப்படி உளறிட்ட? இங்க தெளிவா இருக்கே.”

“அதை எழுதினதே நான் சொன்னதைக் கேட்டுத்தான், ட்ரெவர்.”

“பக்கம், கண்ணு?”

நெவிலிடம் பக்கம் இல்லை. கூடத்தில் பகடைகள் நின்றன. சட்டத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றி வந்தவர், எழுந்து தேநீர் அண்டாவை நோக்கி நடந்தார். அன்று அவர் போட்டதை இரண்டு பேர்தான் குடித்தார்கள். அதில் ஒருவர் அவரே.

அடுத்த நாள் கரெத்துக்குப் போன் செய்தார். வீடியோ பார்த்தாயா என்றார்.

“பாத்தேன். நீ சொல்றது தப்பு நெவில். அறுபத்தொண்ணாம் பக்கம் பாரு. அச்சுல இருந்தா உண்மை, உன் சட்டம்தான?”

நெவில் விரித்து வைத்திருந்த புதிய பதிப்பை மூடினார்.

“உன் பூனை அச்சாயிடுச்சு, என் ஆறு அச்சாகல. நமக்குள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.”

வியாழக்கிழமைக்கு வரலாமே என்று நெவில் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

“இப்ப அங்க தேநீர் யாரு போடுறா?”

“நான்தான்.”

“அப்ப வரல.”

டிசம்பர் கடைசி வியாழன் ‘பிழைகள்’ வெளியானது. அந்த வருடம் இரண்டு பிழைகள். நெவில் வழக்கமான தொனியில் வாசித்தார். முதலாவது, நூற்று எண்பத்தேழாம் பகுதியில் பெர்டல் தன் கற்பனை என்று கூறியது. ஆதாரம் இல்லாத கூற்று. காண்க, பக்கம் அறுபத்தொன்று. அவர் தங்களைச் சோதிக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்த ரசிகர்கள் நிம்மதியானார்கள்.

இரண்டாவது, நூற்று நாற்பதாம் பகுதி. “வடக்குச் சமவெளியில் அந்த ஆறு இல்லை என்று சொன்னேன். இன்னும் அச்சாகவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கடுத்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்கவே கூடாது. கரெத் ஓக்டனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.”

கீழே பக்க எண் ஏதும் ஓடவில்லை.

ஜனவரி முதல் வியாழன், ஆட்டம் தொடங்கிய பிறகு கூடத்தின் கதவு திறந்தது. கரெத் மேலங்கியைக்கூடக் கழற்றாமல், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் நேராக அண்டாவிடம் போனார். நெவில் போட்டு வைத்திருந்ததை முகர்ந்து பார்த்தார். அப்படியே தூக்கிக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினார்.