கல்லறை இலையும் கழிமுள்ளியும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். இன்று பழவேற்காட்டில் என் ஐஸ் வண்டி வராமல் ஒரு பெட்டி இறால் வெளியே போகாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், இருக்கட்டும். என் பேச்சுக்கு மதிப்பு உண்டென்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும்.

அதுவரை அடுத்தவர் படகில் கூலிக்குப் போன நைனா, நான் பள்ளியை விட்ட வருடம் சொந்தமாகப் படகு கட்டினார். அதன் முன்பக்கத்தில் சித்திரம் எழுத மாமா வந்தார். ஊர்ப் படகுகளில் மீனும் மயிலும்தான் இருக்கும். நம்முடையது தனியாகத் தெரிய வேண்டும் என்று, எங்கள் ஊரில் இருக்கும் பழைய டச்சுக்காரர் கல்லறையில் செதுக்கியிருந்த சுருள் இலையைப் பார்த்துப் பச்சையில் எழுதிவிட்டார்.

தண்ணீரில் இறக்கும் நாளன்று மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டியாயிற்று. தள்ள வந்தவர்களில் ஒருவன் கையை எடுத்தான்.

“இது கல்லறைல கீற எலை. பொணத்து மேல கீறத போட்டுகினு கடலுக்குப் போவச் சொல்றியா?”

மற்றவர்களும் கையை எடுத்தார்கள். சுரண்டிவிடுகிறேன் என்றார் மாமா. “பூச போட்ட போட்ல கத்தி வெப்பியா? நல்லாக்குதே!” என்றான் அவன். எல்லாரும் ஊருக்கே மூத்தவரான பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நைனாவுக்கு முகம் செத்துவிட்டது.

நான் ஏரிக்கரைச் சேற்றில் இறங்கி, அங்கே புதராக மண்டிக் கிடக்கும் கழிமுள்ளியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு ஓடிவந்தேன். கையெல்லாம் முள் கிழித்திருந்தது. கிளையைச் சித்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

“இன்னா பெர்ப்பா, கண்ணு தெர்லயா? இது நம்ம ஏரி முள்ளி. வெள்ளக்காரந்தான் நம்ம எலயப் பாத்து செதுக்கிகீறான்!”

பெரியப்பா கிளையைப் பார்த்தார். சித்திரத்தைப் பார்த்தார். பிறகு நைனாவைப் பார்த்தார்.

“ஆமா, முள்ளிதான். இந்தக் குட்டிக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெர்லயேடா. தள்ளுங்க!” என்று முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். படகு இறங்கியது.

பெரியப்பாவையே மடக்கியவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

போன மாதம் புது வீட்டு கேட்டுக்கு அதே இலை வேண்டுமென்று, படகின் பழைய போட்டோவையும் ஒரு முள்ளிக் கிளையையும் வெல்டரிடம் கொடுத்தேன். அவன் மாறி மாறிப் பார்த்தான்.

“இன்னாம்மா, போட்டோல சுருள் சுருளா கீது. இது வெறப்பா முள்ளு முள்ளா கீது. ரெண்டும் வேறம்மா. எது வேணும்?”

பெரியப்பா அந்த முள்ளிப் புதர்களுக்குள் கைவிட்டு நண்டு பிடித்தே வளர்ந்தவர்.